கண்டக்டர் பையில் வந்த பூக்கள்

என் மூக்கு வேலை செய்யவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டு அக்கா.

கொரோனா இரண்டாம் அலை வந்த சித்திரை மாதம். நானும் என் கணவரும் ஒரே வாரத்தில் காய்ச்சலில் படுத்து எழுந்திருந்தோம். கொல்லையில் வேப்பம்பூ கொட்டிக் கிடந்தது. பொறுக்கிக் காயவைத்ததை எடுத்துச் சட்டியில் போட்டு வறுத்துக்கொண்டே, பள்ளிக்கூட வாட்ஸ்அப்பில் எதையோ படித்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், அடுப்புல என்ன வச்சிருக்கீங்க? இங்க வரைக்கும் கருகுது!" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா கத்தினார்.

திரும்பிப் பார்த்தால் சட்டி முழுக்கக் கரி. சமையலறையே புகைமூட்டமாக இருந்தது. கண் எரிந்ததே தவிர எனக்கு எந்த நாற்றமும் தெரியவில்லை. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கில் வைத்துக்கொண்டேன். ஒன்றுமில்லை. டெட்டால், காப்பித்தூள், கற்பூரம், எதுவுமே இல்லை.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஒரு வாரத்துல வந்துரும்," என்றார் கணவர். அவருக்கு ஒரு வாரத்தில் வந்தது. எனக்கு வரவில்லை.

நான் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பள்ளி திறந்ததும் ஏழாம் வகுப்புக்கு மூக்கின் படம் வரைந்து பாகம் குறித்தேன். வெளியில் சொல்லிக்கொள்ளும்படியான நோய் இல்லை இது. வலி கிடையாது. ஆனால் பால் திரிந்தது தெரியாது, கேஸ் கசிந்தால் தெரியாது. என் மேல் வியர்வை நாறுகிறதோ என்ற பயத்தில் ஒரு நாளைக்கு மூன்று முறை குளித்தேன். சாப்பாடு ஈரச் சாக்கை மெல்லுவதுபோல இருந்தது.

ஒரு வருடம் பார்த்துவிட்டு, அடுத்த பங்குனியில் கும்பகோணத்தில் ஒரு காது மூக்கு டாக்டரிடம் போனோம். மாத்திரை எழுதித் தருவார் என்று நினைத்தேன். அவர் பயிற்சி ஒன்றைச் சொன்னார்.

"வாசனையுள்ள பொருள் நாலு எடுத்துக்குங்க. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஒவ்வொண்ணையும் இருபது செகண்டு மோந்து பாருங்க. வாசனை வராட்டியும் பரவாயில்ல, அது எப்படி இருந்துச்சுன்னு நினைச்சுக்கிட்டே பாருங்க. மாசக்கணக்குல ஆகும். விடாம செய்யணும்."

"பூவா இருக்கலாங்களா?" என்று கேட்டார் கணவர்.

"தாராளமா."

கணவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். கும்பகோணத்திலிருந்து தெற்கே ஒரு கிராமம் வரை போய் அங்கே பத்து நிமிடம் நின்று திரும்பும் வண்டி. மறுநாள் மாலை வீட்டுக்கு வந்ததும் டிக்கெட் பையிலிருந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே ஒரு கைப்பிடி புங்கம்பூ.

"வண்டி நிக்கிற எடத்துல பூரா கொட்டிக் கெடக்கு. நம்ம மிதிச்சுக்கிட்டுதான் ஏறுறோம்," என்றார்.

அன்றிலிருந்து தினம் ஏதாவது வந்தது. வாய்க்கால் கரையிலிருந்து நுணா, எருக்கு. யார் வீட்டு வேலியிலிருந்தோ சரக்கொன்றை. அறுவடை முடிந்த உளுந்துக் காட்டோரம் பறித்த பேர் தெரியாத ஊதாப் பூ. டிரைவர், "இருபது வருஷம் கழிச்சு இப்பதான் லவ்வா?" என்று கேட்டாராம். விஷயம் தெரிந்ததும் பஸ்ஸில் வரும் பெண்கள் தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு பாட்டியம்மா மகிழம்பூவை முந்தானையில் முடிந்து எடுத்து வந்தாராம். பக்கத்து வீட்டு அக்கா, தன் கணவர் துபாயிலிருந்து அனுப்பிய அத்தர் பாட்டிலை நீட்டிப் பார்த்துவிட்டு, அது பலிக்காததால் தன் வீட்டு மருதாணிச் செடியில் பூத்த கொத்தை ஒடித்துத் தந்தார்.

ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதி வந்தேன். பூ, காலை, மாலை என்று மூன்று பத்தி. எல்லாக் கட்டத்திலும் "இல்லை."

என் அம்மா நடவுக்கும் களைக்கும் போனவர். அதனால் இந்தச் செடிகளில் பாதி எனக்குக் களை என்றே பழக்கம். அவற்றை முகத்துக்கு நேரே இருபது விநாடி வைத்துக்கொண்டது அந்தக் கோடையில்தான். நுணாவில் பச்சைக் காய் போன்ற ஒரு உருண்டையிலிருந்து வெள்ளைப் பூக்கள் ஒன்றிரண்டாக எட்டிப் பார்க்கும் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள், கணவர் சட்டைக் கை கிழிந்து வந்து நின்றார். முழங்கையில் முள் கீறியிருந்தது. கருவை முள்ளுக்குள் கையை விட்டுக் காட்டுமல்லி பறித்திருக்கிறார். கவரைப் பிரித்து நீட்டி, "இதாவது?" என்றார்.

மோந்து பார்த்தேன். வழக்கம்போல ஒன்றுமில்லை. ஆனால், "லேசா வருதுங்க," என்று சொல்லிவிட்டேன்.

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நெசமாவா?"

"லேசாதான்."

மறுநாள் டிரைவருக்கும் டிப்போவுக்கும் அக்காவுக்கும் செய்தி போய்விட்டது. அடுத்த நாலு நாளும் அவர் கேட்க, நானும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சொன்னேன். நோட்டிலும் எழுதினேன்: "லேசாக."

அந்த வாரம் கத்திரி வெயிலின் நடுவே ஒரு மழை பெய்தது. குளியலறைக்குப் பின்னால் எப்போதோ புதைத்து மறந்துபோன சேனைக்கிழங்கு மண்ணைப் பிளந்துகொண்டு பூத்திருந்தது. இலை ஒன்றுகூட இல்லை. சாணி மெழுகாத தரையில் கருஞ்சிவப்பாக, ஓரமெல்லாம் சுருங்கி, ஒரு சோற்றுப் பானை அகலத்துக்கு ஒரு பூ. நான் பக்கத்தில் குந்திப் படம் எடுத்தேன். பிள்ளைகளுக்குக் காட்ட ஆகும். கணவருக்கும் அனுப்பி, "நம்ம கொல்லையில! எவ்ளோ அழகு!" என்று எழுதினேன்.

மத்தியானம் அக்கா முக்காட்டை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். "டீச்சர், எங்கயோ எலி செத்துக் கெடக்கு. உங்க வீட்டுலயா எங்க வீட்டுலயான்னு தெரியல."

"தேடிப் பாக்குறேங்க்கா," என்றேன்.

கணவர் டூட்டி முடிந்து வந்தவர் வாசலிலேயே மூக்கைப் பொத்தினார். பரண், பிரிட்ஜின் அடி, அரிசி டின்னின் பின்பக்கம் எல்லாம் பார்த்தார். நானும் கூடவே டார்ச் பிடித்துக்கொண்டு தேடினேன். கடைசியில் கொல்லைக்குப் போனார். ஈ மொய்த்துக்கொண்டிருந்த பூவின் முன்னால் நின்று, நாலடி பின்வாங்கினார்.

"இதுதான் நாறுது. நீ காலையிலேர்ந்து இதுகிட்டதான இருந்த?"

"ஆமா."

"போட்டோ எடுத்து அனுப்பின. அழகுன்ன." என் பக்கம் திரும்பினார். "அப்ப அந்தக் காட்டுமல்லி?"

"சட்டையக் கிழிச்சுக்கிட்டு வந்து நின்னீங்க. இல்லன்னு சொல்ல வாய் வரல."

"ஊரு பூரா சொல்லிட்டேனே," என்றார். ஒரு சாக்கை எடுத்து வந்து பூவின் மேல் போட்டார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் பை காலியாக வந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அதோடு, பூ வராத மேசையைப் பார்க்கவே முடியவில்லை.

மூன்றாம் நாள் நுணாக் கிளை ஒன்றை மேசையில் வைத்தார். "வரலன்னா வரலன்னே சொல்லு. நான் கொண்டாந்துகிட்டேதான் இருப்பேன். எனக்கு அதுல ஒண்ணும் கஷ்டமில்ல."

நோட்டில் அந்த "லேசாக"வை எல்லாம் அடித்து "இல்லை" என்று எழுதினேன். அதன்பிறகு, வாசனை வருகிறதா என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் வைகாசியில் அவருடைய அண்ணனுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். விடிந்ததும் பைக்கில் கிளம்பினோம். மாயவரம் தாண்டி ஒரு மதகைக் கடக்கும்போது என் மூக்கில் ஏதோ பட்டது.

"நிறுத்துங்க."

"சேலை மாட்டிக்கிச்சா?"

"இல்ல. ஏதோ இருக்கு."

இறங்கினேன். நூல்போல வந்தது, நின்றது, மறுபடி வந்தது. வாய்க்கால் கரையோடு மேற்கே நடந்தேன், போய்விட்டது. திரும்பிக் கிழக்கே நடந்தேன், வந்தது. அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கை காட்டவில்லை.

முப்பது அடி தள்ளி ஒரு நுணா மரம். கொத்தோடு வளைத்து மூக்கில் வைத்துக் கண்ணை மூடினேன். இருந்தது. எடுத்தால் போயிற்று, வைத்தால் வந்தது. நாலைந்து முறை வைத்துப் பார்த்தேன்.

"இதுதாங்க. வருது."

"எப்படி இருக்கு?"

"பூ மாதிரி இருக்கு," என்றேன். அவர் சிரித்துவிட்டு, ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கலச நீர் ஊற்றி முடித்திருந்தார்கள். "ஏன்டா இவ்ளோ லேட்டு?" என்று அண்ணன் கேட்டார். "வழியில ஒரு வேலை இருந்துச்சு," என்றார் இவர்.

இப்போது எலுமிச்சையும் மருதாணிப் பூவும் தெரிகின்றன. காப்பி பாதி தெரிகிறது. மல்லிகை மட்டும் தப்பாக வருகிறது, டயர் எரிவதுபோல. அது மாறலாம், மாறாமலும் போகலாம் என்கிறார் டாக்டர். தலைக்கு வைக்க வாங்கும்போது கனகாம்பரமாகப் பார்த்து வாங்குகிறோம்.