வீட்டு பஸ்ஸுக்கு வெளிச்சம் போட்டவன்

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அப்படிப்பட்டவன் என்னென்ன செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தோட்டத்து ஓடையில் மரச்சக்கரம் வைத்து, கழித்துப்போட்ட லொறி டைனமோவை அதில் கட்டி, மின்சாரக் கம்பம் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே எங்கள் லயத்துக்கு வெளிச்சம் கொடுத்தேன். மஸ்கெலியாப் பக்கத்துக் கோவில் தேருக்கு, அடைமழையிலும் அணையாத விளக்கு வரிசை போட்டேன். தோட்டத்து லொறி கொழுந்து மூட்டைகளோடு மலை வளைவில் கண் தெரியாமல் நின்றபோது, வேலிக் கம்பியை வைத்தே ஹெட்லைட்டை எரியவிட்டு ஃபெக்டரிக்கு அனுப்பினேன். ஹட்டன் டவுனில் சொந்தமாக வயரிங் பட்டறை போட்டேன். கொழுந்து பறிக்கிறவள் மகன் டவுனில் போர்டு மாட்டுவதா என்று கேட்டவர்கள், பிற்பாடு அந்தப் போர்டுக்குக் கீழேதான் வண்டியை நிறுத்தினார்கள்.

கடைசியாக, வீட்டு பஸ்ஸின் விளக்குகள். முதலில் ஹொலஜன், பிறகு எல்.ஈ.டி. இரண்டும் என் கை வேலை. மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் எனக்குப் பெயர் கிடைத்தது. இதற்கு மட்டும் கிடைக்கவில்லை. ஆகையால் இதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வீட்டு பஸ் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் வெளிநாட்டுப் படத்தில் பார்த்திருப்பார்கள். வண்டிக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் இருக்கும். எங்கள் ஹட்டனில் தொண்ணூறுகளிலேயே அப்படி ஒன்று ஓடியது. பஜாரில் புடவைக் கடை வைத்திருந்த முதலாளி ஒருவர்தான் அதற்குச் சொந்தக்காரர். ஒரு வருஷம் குடும்பத்தோடு கதிர்காமத்து முருகன் திருவிழாவுக்குப் போனவருக்குத் தங்க எங்கேயும் இடம் கிடைக்கவில்லை. மனைவி மக்களோடு மரத்தடியில் படுத்துவிட்டு வந்தார். "இனிமே ஊரு ஊரா வீடு தேடி அலைய மாட்டேன். என் வீட்ட நானே கூட்டிக்கிட்டுப் போவேன்" என்று சொல்லி, ஒரு பழைய பஸ்ஸை வாங்கி என் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

மர வேலைக்கு ஓர் ஆசாரி வந்தார். என்னைவிட மூத்தவர், கைக்கு முன்னால் வாய் வேலை செய்யும். தகர வேலைக்கு ஒருவர், பெயின்டுக்கு ஒருவர். விளக்கு வேலை எனக்கு. கடையின் ஷோகேஸில் எரிகிற ஹொலஜன் பல்பு போலவே பஸ்ஸுக்குள்ளும் வேண்டும் என்றார் முதலாளி. அந்த பல்பு எரிந்தால் புடவை சிரிக்கும் என்பது அவருடைய எண்ணம். பெட்டரியில் எரியும் சின்ன ஹொலஜன்களைத் தேடிப் பிடித்து, கூரை ஓரமாக வரிசையாகப் பதித்தேன். சாமிப் படம் வைத்திருந்த தட்டுக்கு மேலே தனியாக ஒன்று.

முதல் முதலாக அதை ஏற்றிய சாயங்காலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தோள் நிமிர்கிறது. பஜார் முழுக்கப் பனி இறங்கியிருந்தது. எதிர்க் கடைப் பலகைகூடத் தெரியவில்லை. அந்தப் பனிக்குள்ளே ஒரு பஸ்ஸின் ஜன்னல்கள் மட்டும் நெய் ஊற்றிய மாதிரி மஞ்சளாக எரிந்தன. சம்பள நாளில் சாமான் வாங்க வந்த தோட்டத்து ஆட்கள் மழைக்குப் போடும் கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டபடியே நின்று பார்த்தார்கள். "யார் வீட்டுக் கல்யாணம்?" என்று ஒரு பெண் கேட்டாள். "கல்யாணமில்ல தாயி, நம்ம தம்பி போட்ட லைட்டு" என்றார் ஆசாரி. அந்த ஒரு தடவைதான் அவர் என்னைப் புகழ்ந்தார். அதையும் நான் மறக்கவில்லை.

ஹொலஜனுக்கு அழகு உண்டு. அதற்கேற்ற பசியும் உண்டு. பெட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். சூடோ சொல்ல வேண்டியதில்லை. நுவரெலியாக் குளிரில் அது சுகமாக இருந்தது. பிள்ளைகள் பல்புக்குக் கீழே கையை நீட்டிக் குளிர் காய்வார்கள். கீழ்நாட்டுக்கு இறங்கினால் அதே பஸ் ரொட்டி சுடுகிற போரணை. ஜன்னல் திரை ஒன்று பல்பைத் தொட்டுக் கருகியது. ஆசாரி சும்மா இருப்பாரா? "பஸ்ஸுக்குத் தனியா அடுப்பு எதுக்குய்யா? ஒன் லைட்டுக்குக் கீழ சட்டிய வச்சா சோறு வெந்துரும்" என்று டவுன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்படியே சில வருஷம் ஓடியது. ரெண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு திருவிழாவில் வினை முற்றியது. கதிர்காமத்தில் பஸ்ஸை நிறுத்தி, சொந்தக்காரர்கள் வந்துபோக, விளக்குகளை எரியவிட்டிருக்கிறார்கள். விடிந்து பார்த்தால் பெட்டரியில் உயிர் இல்லை. திரும்பி வந்த முதலாளி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே பட்டறைக்கு வந்தார்.

"பஸ்ஸு எங்களக் கூட்டிக்கிட்டுப் போகலப்பா. நாங்கதான் பஸ்ஸக் கூட்டிக்கிட்டு வந்திருக்கோம். காவடி எடுக்க வந்தவன்கூடக் காவடிய எறக்கி வச்சிட்டுத் தள்ளுனான்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "கினிகத்தேனையில பழைய இரும்பு எடுக்கிறவன்கிட்டப் பேசிட்டேன். வர்ற திருவிழாக்குள்ள நீ வழி பண்ணு. இல்லாட்டி அவன் வந்து வெட்டி எடுத்துக்கிட்டுப் போவான்."

அந்த பஸ் வெறும் பஸ் இல்லை, என் முகம். ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை அதைப் பார்த்துத்தான் ஆட்கள் என்னிடம் வேலை கொண்டுவந்தார்கள். அது இரும்புக்குப் போனால், விளக்குப் போட்டு பஸ்ஸைக் கெடுத்தவன் என்றுதான் நான் நிற்பேன். தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று வேலைக்குப் பெயர் கொடுத்த பிழைப்பை விட்டு ஓடிவந்தவன், டவுனில் பெயரைக் கெடுத்துக்கொள்வதா?

அந்தக் காலத்தில் எல்.ஈ.டி. என்றால், ரேடியோவில் மினுங்குகிற சிவப்புப் பொட்டு என்றுதான் எங்கள் பக்கத்தில் தெரியும். கொழும்புக்குப் போய், வண்டிச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறினேன். ஒரு கடையில் வெள்ளை எல்.ஈ.டி. பொட்டுகளைச் சின்னத் தகட்டில் பதித்து வைத்திருந்தார்கள். ஒன்றை எரியவிட்டுக் கைக்குள் பொத்திப் பார்த்தேன். சூடே இல்லை. இதுதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. பட்டறைக்குக் கொண்டுவந்து பழைய பெட்டரி ஒன்றில் காலையில் மாட்டினேன். பொழுது சாயும்போதும் அதே வெளிச்சம். பெட்டரி அசரவில்லை.

ஹொலஜன்களைக் கழற்றினேன். வாசல் ஓரத்தில் இருந்த ஒன்றை மட்டும் ஏனோ விட்டுவைத்தேன். தகடுகளை மாட்டி, ஆசாரியை உள்ளே உட்காரவைத்து, சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் எரியவில்லை.

"பிரமாதம்!" என்றார் ஆசாரி. "பெட்டரி இனிமே எறங்கவே எறங்காது. எரிஞ்சாத்தானே எறங்கும்?"

ஹொலஜனுக்குக் கம்பியை எப்படி மாற்றிக் கொடுத்தாலும் எரியும். எல்.ஈ.டி. அப்படி இல்லை. பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ் கொடுத்தால்தான் கண்ணைத் திறக்கும். எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், புரிந்துபோனது. எல்லாவற்றையும் திருப்பினேன். இன்ஜின் ஓடும்போது ஏறுகிற கரண்டில் பொட்டுகள் கருகாமலிருக்க ஒரு தடுப்பும் வைத்தேன். சுவிட்சைப் போட்டதும் பஸ் பளீரென்று வெளுத்தது. ஆசாரி கண்ணை இடுக்கிக்கொண்டு வெளியே போனார். எனக்கு மகா சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் முதலாளியம்மா படி ஏறும் வரைதான். அவர் உள்ளே வந்தார், தன் கையைப் பார்த்தார், கட்டியிருந்த அரக்குச் சேலையைப் பார்த்தார், சாமித் தட்டைப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு? முருகன் மொகத்துல காய்ச்சக் களை தெரியுதே."

"பெட்டரி எறங்காதுங்கம்மா."

"பெட்டரி எறங்காட்டிப் போகுது. குங்குமம் கறுப்பாத் தெரியுது பாருங்க. கறுத்த குங்குமத்தோட நான் கோயிலுக்குப் போகணுமா? இந்த வெளிச்சத்துல ஒரு நாளும் சூடம் காட்ட மாட்டேன்."

முதலாளி சேலைத் தலைப்பைப் பிடித்துப் பார்த்தார். துணி விற்று வளர்ந்த மனிதர், நிறம் செத்துப்போனது அவருக்குத் தெரியாதா? "இரும்புக்காரன வரச் சொல்லிர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

தோற்றுப்போனேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் தோற்கிற ஆள் இல்லை. பௌத்தர்களின் வெசாக் பண்டிகை நெருங்கிய சமயம் அது. ஒரு வேலையாகக் கினிகத்தேனைக்கு இறங்கினேன். பஸ் ரோட்டு ஓரமெல்லாம் வண்ணத் தாள் ஒட்டிய வெசாக் விளக்குக் கூடுகள் தொங்கின. உள்ளே எரிந்ததெல்லாம் சாதாரண வெள்ளை பல்பு. வெளியே வந்தது மஞ்சளும் ரோஸும். தாள் கருகிவிடக் கூடாது என்று பல்பை நடுவிலே எட்டத் தொங்கவிட்டிருந்தார்கள். நடுரோட்டில் நின்றுவிட்டேன். என் விளக்கு சுடாதே! தாளை அதன் மேலேயே ஒட்டலாமே!

அங்கேயே தாள் விற்கும் ஒரு கடைக்குள் ஏறினேன். கடைக்காரர் சிங்களவர், வயதானவர். மஞ்சளிலும் இளரோஸிலும் கண்ணாடித் தாளைச் சுருள் சுருளாகக் கேட்டதும், "கூடுவக்த ஹதன்னே?" என்றார். கூடா கட்டுகிறாய் என்று கேட்கிறார். "ஒவ் முதலாளி, ரோத தியென கூடுவக்" என்றேன். ஆமாம், சக்கரம் வைத்த கூடு. கிழவர் பல் தெரியச் சிரித்து, கேட்காமலே இன்னும் ஒரு சுருளைச் சேர்த்துக் கட்டினார்.

புடவைக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. வாங்க வந்தவர் நிறத்தைச் சந்தேகப்பட்டால், "வாசலுக்கு வாங்க, வெளிச்சத்துல பாருங்க" என்று சேலையைத் தெருவுக்கே கொண்டுபோய் விரிப்பார்கள். ஒரு சேலையை இரண்டு வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் வியாபாரம் முடியும். முதலாளியிடம் அதையே கேட்டேன். "ஒங்க கடை வழக்கப்படி என் லைட்டப் பாருங்க. அதுல தோத்தா நானே இரும்புக்காரனுக்குப் பஸ்ஸத் தள்ளிக் குடுக்குறேன்."

ஒரு சிவப்புக் கூறைச் சேலையைப் பஸ்ஸுக்குள்ளே நீட்டி விரித்தோம். ஒரு முனை, விட்டுவைத்த அந்த ஒற்றை ஹொலஜனுக்குக் கீழே. மறு முனை, என் எல்.ஈ.டி.க்குக் கீழே. அம்மா நடுவில் நின்றார். எந்த முனையில் எந்த விளக்கு என்று தெரியாதபடி முதலாளியை வெளியே நிற்கவைத்தேன். மஞ்சள் தாள் ஒரு மடிப்பு வைத்தேன். "இன்னும் சோகையாத்தான் இருக்கு" என்றார் அம்மா. இரண்டாவது மடிப்பு. "இப்ப மஞ்சக் காமாலை" என்றார் வாசலில் நின்ற ஆசாரி. மஞ்சள் ஒன்றை எடுத்துவிட்டு இளரோஸ் ஒன்றை வைத்தேன். அம்மா சேலையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். குங்குமச் சிமிழைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிக்கொண்டு திரும்பவும் நடந்தார்.

"என்னங்க, இதுல எது பழசு, எது புதுசு?" என்று புருஷனை உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்.

ஆயுள் முழுக்கத் துணியைப் பார்த்த மனிதர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் யோசித்துத்தான் சரியாகக் காட்டினார். காட்டிவிட்டு, "யோசிக்க வச்சிட்டியேப்பா" என்றார். இரும்புக்காரர் வரவில்லை.

அந்த வருஷத் திருவிழாவுக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். கதிர்காமத்தில் மாணிக்க கங்கைக்குப் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்தியிருந்தோம். பொழுது சாய்ந்ததிலிருந்து எல்லா விளக்கும் எரிந்தன. அம்மா சாமித் தட்டில் சூடம் காட்டினார். பிள்ளைகள் கீழ்ப் படுக்கையில் கடதாசிச் சீட்டு விளையாடிச் சண்டை போட்டார்கள். சூடமும் தேங்காய்ச் சம்பலும் ஈரத் துணியும் கலந்த அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தபோது, ஹட்டன் பஜார்ப் பனிக்குள்ளே முதல் நாள் பார்த்த அதே நெய் வெளிச்சம். பனி மட்டும்தான் இல்லை. காலையில் டிரைவர் சாவியை ஒரே திருப்புத் திருப்பினார். பஸ் ஸ்டார்ட் எடுத்துக்கொண்டது. முதலாளி என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் யார் முதுகிலும் தட்டுகிற ஆள் இல்லை.

இப்போது அவர் இல்லை. ஆசாரியும் போய்ச் சேர்ந்துவிட்டார். பஸ் ஓடுவதில்லை. முதலாளியின் மகன் நுவரெலியா ரோட்டில் நடத்துகிற விடுதித் தோட்டத்தில் அதை நிறுத்தி, வெள்ளைக்காரர்களை அதற்குள் தங்கவைக்கிறார். பஸ்ஸை இவ்வளவு நன்றாக வைத்திருப்பதற்கு அவரைக் கும்பிடுகிறேன். போன முறை பார்க்கப் போனபோது வாசலில் பித்தளைப் பலகை ஒன்று மாட்டியிருந்தது. தகர வேலைக்காரர் பெயர் இருக்கிறது. பெயின்டுக்காரர் பெயர் இருக்கிறது. ஆசாரியின் பெயர் பெரிய எழுத்தில். விளக்குகளுக்கு நேரே, வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டவை என்று மட்டும் போட்டிருக்கிறது.

எந்த வெளிநாட்டிலிருந்து? கினிகத்தேனையிலிருந்தா?

முதலாளி மகனே, நீங்கள் அன்றைக்குக் கீழ்ப் படுக்கையில் கடதாசி விளையாடிக்கொண்டிருந்தீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. உங்கள் அம்மா இருக்கிறார், கேளுங்கள். அல்லது சாமித் தட்டுக்கு மேலே உள்ள விளக்கின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். மஞ்சளில் ஒரு மடிப்பு, இளரோஸில் ஒரு மடிப்பு, வெசாக் தாள் இருக்கும். அப்படி வெட்டி ஒட்டுகிற கை இந்த மலைநாட்டில் ஒன்றுதான் இருந்தது. பலகையில் ஆசாரி பெயருக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, நானே பார்த்தேன். அந்த வரியில் என் பெயரைப் பொறியுங்கள். எழுத்து ஆசாரியுடையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது.