கரடிக்குள் ஒரு ஏட்டு

சீருடை போடவேண்டாமே என்று ஆசைப்பட்டுக் குற்றப்பிரிவுக்கு மாறுதல் கேட்கும் சக ஏட்டுகளே, அதைவிடப் புழுக்கமான உடுப்பெல்லாம் இங்கே உண்டு.

ஆள் தேர்வு

தசரா சமயம். அம்மனுக்கு நேர்த்திக்கடன் என்று வேஷம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை கேட்ட ஒரு கூட்டத்தில் சிலர், அஞ்சுகிராமம் பக்கம் பெண்களின் சங்கிலியையும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எமன் வேஷம் போட்ட செல்வராஜ் ஒரு நாள் கொட்டாரத்துக் கால்வாயோரம் மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். மற்றவர்கள் சாயமும் முகமூடியுமாகத் திரிந்ததால் யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை. உள்ளே ஒருவரை வேஷத்தோடு அனுப்புவது என்று முடிவாயிற்று. இன்ஸ்பெக்டர் எல்லோரையும் பார்த்துவிட்டு என் தொந்தியில் கண்ணை நிறுத்தினார்.

"ஏட்டையா, உமக்குக் கரடி. தலை மட்டும் வாங்கினாப் போதும்."

ஸ்ட்ரா

ஆள் குறைந்திருந்ததால் கூட்டம் என்னைச் சேர்த்துக்கொண்டது. உச்சிவெயிலில் கடைத்தெருவில் ஆடும்போது கண் இருண்டு விழுந்தேன். குறத்தி வேஷத்தில் இருந்த சுயம்புதான் என்னை வேப்பமர நிழலுக்கு இழுத்துப்போய், கையிலிருந்த முறத்தால் விசிறினான். திருட்டுக்காக வேஷம் போட்டவர்கள் நடுவே இவன் நிஜமாகவே விரதம் இருந்தவன். அரை மயக்கத்தில் நான் முகமூடியைக் கழற்றப்போக, கையைப் பிடித்துக்கொண்டான்.

"கழத்தாதீங்கண்ணே, விரதம் முறிஞ்சிரும். வாய் ஓட்டை வழியா ஸ்ட்ரா போட்டு இளநி தாறேன்."

துணை

அதன்பிறகு சாப்பாட்டுக்கு என் பக்கத்தில்தான் உட்காருவான்; என் கஞ்சிக்கும் அதே ஸ்ட்ராதான். ஒரு மத்தியானம், "எமன் போட்டவன் எப்படிச் செத்தான்?" என்று மெல்லக் கேட்டேன். கையிலெடுத்த சோற்றை இலையிலேயே போட்டுவிட்டுச் சொன்னான். காணிக்கை போட வந்த ஒரு அம்மாளின் சங்கிலியை செல்வராஜ் இழுத்ததில் அவள் படியில் விழுந்து கை ஒடிந்திருக்கிறது. திருப்பிக் கொடு என்று கால்வாய்க் கரையில் இவன் மல்லுக்கு நிற்க, தள்ளுமுள்ளில் அவன் கல்லில் போய் விழுந்துவிட்டான்.

"விரதம் முடிஞ்சு கையில கட்டுன காப்பு அவுத்ததும் ஸ்டேஷனுக்குப் போயிருவேன். தனியாப் போகத்தான் பயமா இருக்கு. நீங்க துணைக்கு வாறியளா, அண்ணே?"

வேன்

அவனாக வந்து சரணடையட்டும், காப்பு அவிழ்க்கும்வரை பொறுங்கள் என்று, விஷயத்தைச் சொன்ன கையோடு இன்ஸ்பெக்டரிடம் மன்றாடினேன். கேட்கவில்லை. தானாக வந்தவன் என்றால் கோர்ட்டில் கொஞ்சம் இரக்கம் கிடைத்திருக்கும், அதுவும் போயிற்று. மறுநாளே ஜனங்கள் பார்க்க, குறத்திப் பாவாடையோடு அவனை வேனில் ஏற்றினார்கள். உடைந்த வளையல்கள் ரோட்டில் கிடந்தன. என்னைத் தெரியாத கான்ஸ்டபிள் ஒருவர் கரடியையும் சேர்த்து இழுத்தார். சுயம்பு வேன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்:

"அந்த அண்ணன விட்டுருங்க சார், அவருக்கு ஒண்ணும் தெரியாது!"

பிறகு பாராட்டு வாங்க மேடைக்குக் கூப்பிட்டபோது, நண்பர்களே, கரடித்தலையை மாட்டிக்கொண்டு ஏறலாமா என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றியது.