சிம்பல் அதிகமாகத்தான் இருக்கிறது

“டிப்ளமோ பாஸ் பண்ணா காது தனியா வளருமா? மியூசிக்கப் பத்தி உனக்கு இன்னா தெரியும்னு பேச வந்துட்ட?” என்று அண்ணனின் நண்பன் டேவிட் ஒருமுறை என்னைக் கேட்டான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவள் நான் ஒருத்திதான். அதற்கு மேல் பாலிடெக்னிக்கும் படித்தேன். அதனால் என்னைத் திட்ட நினைக்கிற யாரும் கடைசியில் டிப்ளமோவுக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கம்பெனி அடையாள அட்டையை ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகும்போதுகூடக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனவள் நான்.

அதே டேவிட் போன மாதம் போன் செய்தான். இப்போது சென்னையில் இருக்கிறான், விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கிறான்.

“ரெண்டாவது ஆல்பம் ஒரிஜினல் எல்லாம் உன்கிட்டதான இருக்குது? அனுப்பு. ட்ரம்ஸ மட்டும் தூக்கிட்டு கம்ப்யூட்டர்ல புதுசா போட்டு ஏத்தலாம்னு இருக்கேன்.”

ட்ரம்ஸ் வாசித்தது என் அண்ணன் சேகர்.

பென் டிரைவ் பீரோவில், என் மார்க்‌ஷீட்டுகள் இருக்கும் அதே பிளாஸ்டிக் கவரில் இருந்தது. அதை எடுக்கக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது ஆயில் வாசனை. அண்ணனின் பழைய யூனிஃபார்ம் சட்டை ஒன்றை அம்மா அடித்தட்டில் மடித்து வைத்திருக்கிறாள். எத்தனை முறை துவைத்தாலும் பிரஸ் ஷாப் வாசனை போகாது. தகட்டை அச்சில் வைத்து, மேலிருந்து பெரிய மெஷின் ஒரே அடியாக இறங்கி வெட்டுகிற இடம் அது. காரின் கதவுக்குள் எங்கோ மறைந்து கிடக்கும் ஒரு தகட்டுத் துண்டைத்தான் அண்ணன் அங்கே நாள் முழுக்க அடித்தான். முதல் நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, சாப்பிடும்போதுகூடக் கத்திக் கத்திப் பேசினான். “மெல்ல பேசுடா, செவுடு யாரும் இங்க இல்ல” என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தோம்.

வெட்டிய தகட்டின் ஓரத்தில் கையைக் கிழிக்கிற மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதற்குப் பிசிறு என்று பெயர். அவர்கள் இசைக்குழுவுக்கும் அதுதான் பெயர். மூன்றே பேர். டேவிட் பாடினான், அவனுக்கு ஸ்டோர்ஸில் வேலை. அன்வர் கிட்டார், அண்ணன் ட்ரம்ஸ், இருவரும் பிரஸ் ஷாப். அன்வரின் வீட்டார் பழவேற்காட்டில் கடை வைத்திருப்பவர்கள். கல்லாவில் உட்காரச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு மெஷினுக்கு வந்தவன் அவன். பங்க் ராக் என்றால் என்ன என்று அவனைக் கேட்டேன். “கிட்டார்ல மூணு கார்டு புடிக்கத் தெரிஞ்சா போதும். மீதி கோவம்” என்றான். கோபத்துக்குக் கும்மிடிப்பூண்டியில் பஞ்சமில்லை.

முதல் ஆல்பம் ‘ஓவர்டைம்’. பொன்னேரியில் கல்யாணக் கச்சேரிக்காரர்களுக்குப் பதிவு செய்து தருகிற ஒருவரிடம் போய்ப் பதிந்தார்கள். அவர் பாவம், “காது கூசுதுப்பா” என்று சொல்லிக்கொண்டே சிம்பல் என்கிற அந்தப் பித்தளைத் தட்டின் சத்தத்தை அவராகவே குறைத்தார். எல்லாப் பாட்டும் சூப்பர்வைசரையோ ஆபீஸையோ பார்த்துக் கத்துகிற பாட்டு. டீ பிரேக்குக்குள் மொத்த ஆல்பத்தையும் கேட்டுவிடலாம். போனுக்குப் போன் அனுப்பி, தொழிற்பேட்டை முழுக்கப் பரவியது. ஷேர் ஆட்டோவில் ஓடியது. எங்கள் ஹெச்.ஆர். மேடம்கூட ஒருநாள் அவரை அறியாமல் முணுமுணுத்தார், பாட்டு அவரைப் பற்றியது என்று தெரியாமல்.

இரண்டாவது ஆல்பம் சில வருஷம் கழித்து வந்தது. ‘சூடு ஆறாத பாய்’. நான் சொல்ல வந்தது இதைப் பற்றித்தான்.

தொழிலாளர் அறைகளில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பாய்க்கு இரண்டு பேர். பகல் ஷிஃப்டுக்காரன் எழுந்து போக, இரவு ஷிஃப்டுக்காரன் வந்து அதே பாயில் படுப்பான். மாசக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். அண்ணன் ரயில்வே கேட் பக்கம் அப்படி ஒரு அறையில் கொஞ்ச நாள் இருந்தான். வீட்டில் நான் டிப்ளமோவுக்குப் படித்துக்கொண்டிருந்தேன், ஒற்றை அறையில் விளக்கை அணைக்க வேண்டியிருக்கிறதே என்று அவன் போய்விட்டான். அந்தப் பாயைப் பற்றித்தான் பாட்டு.

*நீ எந்திரிச்ச பாயில நான் வந்து படுக்கறேன்,*
*உன் மூஞ்சி தெரியாது, சூடு மட்டும் தெரியும்.*

இதில் எங்கே கத்துவது? டேவிட் கத்தவில்லை. பேசுவதுபோலப் பாடினான். ‘ஓவர்டைம்’ கேட்டுக் குதித்தவர்களுக்கு ஏமாற்றமாகிவிட்டது. “இன்னா மச்சி, அழுவாச்சி பாட்டு போட்டுக்கினு” என்றார்கள். முதல் ஆல்பத்தில் கோபம் யார் மேல் என்று தெரியும். இரண்டாவதில் அது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று தேட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வதென்று தெரியாமல் கம்பெனி வாசலுக்கே வந்து நிற்கிறவனைப் பற்றி ஒரு பாட்டு. அது போல ஒன்றை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் அன்றைக்கு நானும் முதலாவதுதான் நல்லது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன், படித்த பெண் என்கிற தோரணையோடு.

பாட்டைவிடப் பெரிய பிரச்சினை சிம்பல். பொன்னேரிக்குப் போகாமல், அரிசி மில்லுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் அன்வரும் அண்ணனும் தாங்களே பதிந்து, எந்தச் சத்தம் எவ்வளவு என்று தாங்களே மிக்ஸ் செய்தார்கள். டேவிட்டுக்கு மிக்ஸ் செய்த வாரம் முழுக்க நைட் ஷிஃப்டு, பாடிக் கொடுத்ததோடு சரி. ஆல்பம் வெளியே வந்ததும் கேட்டால், சிம்பல் ஒவ்வொரு அடிக்கும் ஊசி மாதிரி ஏறுகிறது. டேவிட் மெல்லப் பாடுகிற இடத்தில் குரலே இல்லை, வெறும் ‘ஸ்ஸ்ஸ்’. அப்போதுதான் நான் அவனிடம் சிம்பலைப் பற்றிச் சொல்லப்போய் அந்த டிப்ளமோ பேச்சை வாங்கிக்கொண்டேன். அவனுக்கும் அதே எரிச்சல்தான், என் வாயிலிருந்து வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒரு விநோதம் அப்போதே கண்ணில் பட்டது. பேக்கிங்கில் இருந்தவர்கள், ஸ்டோர்ஸில் இருந்தவர்கள், கேன்டீன் அக்காக்கள் எல்லோரும் காதைப் பொத்தினார்கள். பிரஸ் ஷாப் பையன்கள் மட்டும் “செம்ம கிளியரு” என்றார்கள். கூட வேலை செய்கிறவனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்னையில் யாரோ ஒரு பையன், ‘பாட்டு சுமார், தாளம் தகர டப்பா’ என்று போனில் எழுதிப் போட்டான். அண்ணனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். என்னிடம் கொண்டுவந்து நீட்டினான். நான் வாசித்துக் காட்டினேன். “தகர டப்பாவா” என்றான். சிரித்த மாதிரிதான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ட்ரம்ஸை ஒரு லோடு வண்டியில் ஏற்றி அத்திப்பட்டில் டேவிட்டின் சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டு வந்தான். அதன் பிறகு விரலால் மேஜையில்கூடத் தட்டியதில்லை. பிசிறு அதோடு முடிந்தது. அன்வர் கல்லாவுக்கே திரும்பினான்.

இரண்டாவது ஆல்பம் வருவதற்குள்ளேயே நான் படிப்பை முடித்து, அண்ணன் இருந்த அதே கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் சேர்ந்திருந்தேன். ட்ரம்ஸ் போன பிறகு ஒருநாள் மத்தியானம் இருவரும் டிஸ்பாட்ச் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தோம். பின்னால் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ரிவர்ஸில் வந்தது. ரிவர்ஸில் வந்தால் அது ஒரு கீச்சுக்குரலில் கத்தும், கேட்டிருப்பீர்கள். எல்லோரும் ஒதுங்கினார்கள். அண்ணன் எதையோ சொல்லிக்கொண்டே நேராக நடந்தான். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“இன்னாமே, சட்டைய கிழிச்சிடுவ போல!”

“பின்னாடி வண்டி வருதுணா! சத்தம் கேக்கல?”

“எங்க சத்தம் வருது? ஆரன் அடிக்க வேணாமா அந்த ஆளு?”

வண்டி எங்களுக்குப் பக்கத்தில் அப்போதும் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அவன் விளையாடவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மா தாளிக்கும்போது அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடித்தது. அவன் திரும்பவில்லை. கொஞ்சம் கழித்து, “கடுகு கருகுது பாரு” என்றான். வாசனையில் தெரிந்திருக்கிறது.

மறுநாள் காலை ஷேர் ஆட்டோவில் இரண்டாவது ஆல்பத்தைப் போட்டுக் கேட்டேன். இந்தத் தடவை எனக்குப் புரிந்தது. மெஷின் சத்தத்தில் அவனுக்குக் கூர்மையான கீச்சுச் சத்தமெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. சிம்பல் முன்பு எப்படிக் கேட்குமோ, அப்படிக் கேட்கிறவரைக்கும் ஏற்றியிருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்த அன்வருக்கும் அதே காது. பிரஸ் ஷாப் பையன்களுக்கும் அதே காது. கம்பெனியில் காதை அடைத்துக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் இயர் பிளக் கொடுக்கத்தான் செய்தார்கள். போட்டால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காது என்று யாரும் போடுவதில்லை. அண்ணன் தன்னுடையதை சிம்பல் ஸ்டாண்டு ஆடாமலிருக்க அடியில் செருகி வைத்திருந்தான்.

பொன்னேரி அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். போன சத்தம் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். இப்போது அவன் பிரஸ் ஷாப்பில் இல்லை. லோடு வண்டி ஓட்டுகிறான், ஊத்துக்கோட்டை வரை. ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பான்.

டேவிட் போன் செய்தபோது இதையெல்லாம் சொன்னேன். “சேகருக்கு இப்டின்னு எனக்குத் தெரியாது பாப்பா. ஆனா அப்போ சரி பண்றதுதான நல்லது?” என்றான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. சரி செய்தால் நிறையப் பேர் கேட்பார்கள். டேவிட்டின் குரல் எவ்வளவு நன்றாக இருந்தது என்று அப்போதுதான் தெரியும். ஆனால் அண்ணன் அதில் இருக்க மாட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்வரிடம் கேட்டதற்கு, “சேகர் இன்னா சொல்றானோ அதான்” என்றான். அண்ணனிடம் கேட்டால், “அவன் இஷ்டத்துக்குப் போட்டுக்கட்டும், எனக்கு இன்னா?” என்றான். விடவில்லை. ஹெட்போனை அவன் காதில் மாட்டி, பாய் பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டான். எனக்குத் தெரிந்து, ஆல்பம் வெளியே வந்த பிறகு அவன் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பாதியில் வலது கை விரல் தொடையில் ஒருமுறை தட்டியது.

“சிம்பல குறைக்கணுமாணா?”

“எதுக்கு? சரியாத்தான கேக்குது.”

ஷெட் இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ரயில்வே கேட் பக்கம் அந்த அறைகளை இடித்து மூன்று மாடி கட்டிவிட்டார்கள். உள்ளே வேறு மாநிலத்துப் பையன்கள், வேறு மொழியில் பேசிக்கொள்கிறார்கள், பாய் மட்டும் அப்படியே கைமாறுகிறது. சர்ச்சுக்குப் போன ட்ரம்ஸில் தோல் கிழிந்து, சிம்பலை மட்டும் வைத்திருக்கிறார்களாம். ‘ஓவர்டைம்’ யார் போனிலும் இப்போது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை டேவிட்டுக்குப் போன் செய்து, ட்ரம்ஸை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முனகினான், மறுக்கவில்லை. அதன் பிறகு ‘சூடு ஆறாத பாய்’ முழுவதையும், ஒரு சத்தம்கூடக் கூட்டாமல் குறைக்காமல், இணையத்தில் ஏற்றிவிட்டேன். ட்ரம்ஸ் என்ற இடத்தில் அண்ணன் பெயரைப் போட்டேன். கீழே ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: ‘சிம்பல் அதிகமாகக் கேட்டால், உங்கள் காது நன்றாக இருக்கிறது.’