ஐவரும் ஒரு வெடியும்

என்னைப்போல் கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் ரெக்கோடிங் பார் வைத்திருந்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா? கரண்ட் போனால் சனம் மின்சார சபையை ஏசும். கசெற்றில் நாடா சிக்கினால் நம்மைத்தான் ஏசும்.

மிஞ்சிய இருவர்

ஒரு காலத்தில் ‘துறைமுகத்து ஐவர்’ இசைக்குழு வாசித்தால் திருகோணமலையில் கலியாண வீடே எழும்பி ஆடும். சண்டை தொடங்கி மூவர் வெளிநாடு போக, மிஞ்சியவர்கள் கிற்றார் செல்வம் அண்ணரும் ட்ரம்ஸ் அடிக்கும் குறிஞ்சாக்கேணி றகீமும்தான். இருவரும் என் கடைக்கு வந்து, பழைய பெயரிலேயே புதுக் கசெற் போடவேண்டும் என்றார்கள். பாடுவதற்கு வங்கியில் வேலை செய்யும் நிர்மலாவைப் பிடித்திருந்தார்கள்.

பெயரில்தான் வில்லங்கம். பழைய பாட்டுக்காரர் ஜெயம் கனடாவில். “நான் பாடாட்டி அது ஐவர் இல்லை, பேரைத் தொடாதேங்கோ” என்று போனில் சொல்லிவிட்டாராம். சொல்லும்போதே செல்வம் அண்ணரின் முகம் செத்துப்போனது. அந்தப் பெயர் இல்லாவிட்டால் அவருக்குக் கசெற்றே வேண்டாம். றகீம் மட்டும் அசையவில்லை.

“முதல்ல அடிப்பம் மச்சான். கேட்டுப்போட்டு ஏசட்டும்.”

சென்றியில் கச்சேரி

ஒலிப்பதிவு நாளன்று றகீம் ட்ரம்முகளோடு வர, ஆமியின் சோதனைச் சென்றியில் மறித்துவிட்டார்கள். உள்ளே என்ன என்று கேள்வி. காற்று என்றால் நம்புவார்களா? வாத்தியம்தான் என்றால் அடித்துக் காட்டு என்றார்கள். நடுறோட்டில் குந்தியிருந்து றகீம் ஒரு பைலாத் தாளம் போட்டான். சோதனைக்கு நின்ற சனம் பயத்தை மறந்து சிரித்தது. துவக்கோடு நின்ற ஆமிக்காரன் காலால் தாளம் போட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்:

“போறது பிறகு. இன்னும் ஒண்ணு அடி!”

நான் அடிக்காத அடி

கடைக் கதவில் மெத்தையைச் சாத்தி, யன்னலில் போர்வை கட்டி ஒலிப்பதிவு செய்தோம். றகீம் ஊருக்குப் போகும் கடைசிப் படகைப் பிடிக்கவேண்டும். திரும்பப் பாட நேரமில்லை. மூன்றாவது பாட்டில் நிர்மலா உச்சத்துக்குப் போய் மூச்செடுத்த இடத்தில், துறைமுகத்தில் ‘டும்’. தண்ணீருக்கடியில் யாரும் நீந்தி வராமலிருக்கக் கடற்படை போடும் வெடி அது. எங்களுக்குப் பழகிய சத்தம், மைக்குக்குப் பழக்கமில்லை.

எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கே ஒருவர் கனடா போகிறார், ஜெயத்துக்குக் கொடுத்துவிட வேறு வழியில்லை. அந்தக் கசெற்றையே கொடுத்துவிட்டோம். அதற்கு முன் போட்டுக் கேட்டபோது றகீம் காதைத் தீட்டிக்கொண்டு சொன்னான்:

“இந்த அடி நான் அடிக்கல்ல. ஆனா இடம் சரி.”

கனடாவிலிருந்து

சில கிழமை கழித்துப் பக்கத்துத் தொலைபேசிக் கடையிலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். செல்வம் அண்ணர் றிசீவரை என் காதோடும் சேர்த்துப் பிடித்தார். மூன்றாவது பாட்டில் என்ன சத்தம் என்று ஜெயம் கேட்டார். மன்னிக்கவேண்டும், திரும்ப எடுத்துத் தருகிறோம் என்று நான் உளறினேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“விசரே, அதை எடுத்துப்போடாதை! அந்த இடத்தைத்தான் நான் திருப்பித் திருப்பிப் போட்டனான். இஞ்ச பனிக்குள்ள இருந்துகொண்டு எனக்கென்ன பேர்? அந்தச் சத்தத்துக்குள்ள இருந்து வாசிக்கிற நீங்கள்தான் ஐவர். பேரைப் போடுங்கோ.”

எத்தனையோ கசெற்றுகளில் இரைச்சலை நீக்கிக் கொடுத்த என்னை, நீக்காமல் விட்ட ஒரேயொரு இரைச்சலுக்காகத்தான் ஊர் கெட்டிக்காரன் என்கிறது.