துப்பாக்கி அக்காவின் இரத்தம்

தெருவில் எல்லாருக்கும் அவள் துப்பாக்கி அக்கா. பயந்துவிடாதீர்கள், காது குத்தும் துப்பாக்கிதான். அழகு நிலையத்தில், "எல்லாம் புதுசும்மா, பயப்படாதே" என்று வாய் சொல்லி முடிப்பதற்குள் கை டக்கென்று குத்தி முடித்திருக்கும். போன மாதம் ஆள் வராத ஒரு மதியம். அவள் கை சும்மா இருக்குமா? தன் காதின் மேல்மடலிலேயே ஒன்று போட்டுக்கொண்டாள்.

அந்தப் பொட்டுத் தோடு இப்போது இரத்த வங்கி நர்ஸ் கண்ணில் பட்டுவிட்டது. அண்ணிக்கு நாளை ஆபரேஷன். லேசில் கிடைக்காத இரத்த வகை, இவளுக்கும் அதே வகைதான். அண்ணன் வெளியே குட்டிபோட்ட பூனையாக நடந்துகொண்டிருந்தான்.

"இது எங்க குத்தினது?"

"எங்க கடையிலதான் சிஸ்டர். நானே."

"ஒரு தடவ குத்திட்டுத் தூக்கிப் போடுற ஊசியா?"

வழக்கம்போல ‘எல்லாம் புதுசு’ என்று சொல்ல வாயெடுத்தாள். தோடு புதுசு, சத்தியமாகப் புதுசு. துப்பாக்கி? ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த அதே துப்பாக்கி. துடைத்தால் அது புதுசா, பழசா? இத்தனை வருடம் இந்தக் கேள்வி எங்கே போய் ஒளிந்திருந்தது? ஒரு சொட்டுகூட எடுக்கவில்லை, அதற்குள் தலை சுற்றியது. புதுசு என்று சொல்லிவிடலாம். ஆனால் போகப்போவது அண்ணி உடம்புக்குள்.

"தோடு புதுசு. துப்பாக்கி எல்லாருக்கும் போடுறதுதான்."

"அப்ப சில மாசம் போகட்டும்மா. இப்ப எடுக்க முடியாது."

"நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"இருக்கலாம். ஆனா ஏதாவது கிருமி தொத்தியிருந்தா இவ்வளவு சீக்கிரம் டெஸ்ட்ல தெரியாமப் போகலாம், அதான்."

நல்லா இருக்கிறோமா இல்லையா என்று புரியாமலே வெளியே வந்து அண்ணனிடம் நடந்ததைச் சொன்னாள்.

"புதுசுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றான் அண்ணன்.

"அண்ணிக்குப் போற ரத்தம்ண்ணா."

அவன் யார் யாருக்கோ போன் செய்தான். அதே வகை இரத்தமுள்ள பஸ் டிரைவர் ஒருவர், அவனுடைய சிநேகிதர், அடித்துப்பிடித்து வந்து சேர்ந்தார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"கவலப்படாதம்மா, நான் இருக்கேன்ல!" என்று அவர் சிரித்தபடி திரும்பியபோது காதில் கடுக்கன் மின்னியது. அண்ணன் சிபாரிசில் சமீபத்தில் அவள்தான் குத்திவிட்டாள்.

"அண்ணே, உள்ள போனதும் காது குத்தினதச் சொல்லிடுங்க" என்றாள் அவரிடம்.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். "இன்னும் எத்தனை பேர் காதுலதான் அந்தத் துப்பாக்கிய வச்ச?"

அவன் கோபத்தில்தான் கேட்டான். அவளோ உண்மையாகவே எண்ணிப் பார்த்தாள். பக்கத்துத் தெருவைத் தாண்டுவதற்குள்ளேயே கணக்குத் தவறிவிட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.