கிழக்குப் பக்கக் கடக்கால்

இதைப் படித்துவிட்டு யாரும் ஆம்பூருக்குப் பஸ் ஏறி அந்த வீட்டைத் தேடாதீர்கள். பூட்டிக் கிடக்கிறது. ஆனால் நடந்தது நடந்ததுதான். தேவிகாவே என் எதிரில் உட்கார்ந்து சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவள் கால்களைத் தரையில் வைக்கவில்லை. நாற்காலி மேலேயே மடக்கி வைத்திருந்தாள்.

தேவிகா சிவில் டிப்ளமோ படித்தவள். படிப்புக்கேற்ற வேலை அமையவில்லை. பழைய ஆம்னி வேன் ஒன்றை வாங்கி, பெண்கள் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கும் அப்பர்களை, அதாவது ஷூவின் மேல்பாகங்களை, வாங்கிக் கம்பெனியில் இறக்கிக்கொண்டிருந்தாள். வேன் வெளியில்தான் நிற்கும். மழை வந்தால் சரக்கு நனைந்துபோகும். வீட்டுக் கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு கார் ஷெட் இழுத்துவிட்டால் தீர்ந்தது.

"ஆள் வெச்சிக்கலாமே," என்றான் கணவன் மகேந்திரன்.

"அப்ப நான் படிச்சது இன்னாத்துக்கு? நானே போடறேன்."

பேப்பரில் வரைந்து பார்த்தாள். வீட்டு அஸ்திவாரத்தைத் தொடக் கூடாது, ஷெட்டுக்குத் தனிக் கடக்கால். மூலைக்கு ஒரு பில்லர். முதலில் ஒரே ஒரு குழி தோண்டி, மண் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். வியாழக்கிழமை நூல் கட்டி, சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டாள்.

மாமனார் சுந்தரமூர்த்தி அதைப் பார்த்துவிட்டார்.

அந்த இடத்தில் முன்பு தோல் பதனிடும் டேனரி ஒன்று இருந்தது. அவர்தான் அங்கே மேஸ்திரி. டேனரியை மூடும்போது முதலாளி அவர் பேருக்கு எழுதிக் கொடுத்த மனை இது. ஏன் கொடுத்தார் என்று அவரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

முட்டிவலியில் நடக்கவே சிரமப்படுகிறவர், அன்று ஓடி வந்தார். காலாலேயே கோட்டைத் தேய்த்து அழித்தார்.

"இந்தப் பக்கம் வேணாம்."

"ஏன் மாமா?"

"மண்ணு சரியில்ல."

"அதத்தான் தோண்டிப் பாக்கப் போறேன்."

"வேணாம்னா வேணாம்!"

கோபம் என்று நினைத்தாள் தேவிகா. அது பயம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் சாப்பிட வரவில்லை. தலைவலி என்று வெளி அறையில் கதவைச் சாத்திப் படுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை தேவிகா பின்கதவைத் திறந்தாள். கிழக்குச் சுவரோரம் சுந்தரமூர்த்தி குந்தியிருந்தார். அழித்த கோடு மறுபடி இருந்தது. அவள் போட்டதைவிட நேராக.

"இங்க தோண்டு," என்று ஓர் இடத்தைக் காட்டினார். "நாலடியில கல்லு வரும்."

"அன்னிக்கு வேணாம்னீங்களே..."

"தோண்டு தங்கச்சி."

தங்கச்சியா? மருமகளைப் போயா? வயசாகிவிட்டது, வாய் குளறுகிறது என்று விட்டுவிட்டாள்.

அன்று முழுக்க அவர் அந்த இடத்தை விட்டு எழவில்லை. முட்டி மடங்காத மனுஷன் வெயிலில் குந்தியபடியே இருந்தார். வைத்த சோறு தட்டிலேயே காய்ந்தது. பக்கத்தில் போனால் ஒரு வாடை. ஊறிய பச்சைத் தோலும் சுண்ணாம்பும் கலந்த வாடை... ஆனால் அங்கே டேனரி மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது.

அவர் விரல்கள் வெளுத்து, நுனியில் தோல் உரிந்து தொங்கியது.

"கைக்கு இன்னாச்சு மாமா?"

"ரொம்ப நாளா ஊறிச்சு."

ஞாயிற்றுக்கிழமை மகேந்திரனுக்கு லீவு. பக்கத்து வீட்டு வாஹித் பாஷாவும் கடப்பாரையோடு உதவிக்கு வந்தார். ஆண்கள் இருவரும் குழியில் இறங்கினார்கள். தேவிகா மேலே நின்று அளவு பார்த்தாள். அவளுக்குப் பின்னால் அவர்... குந்தியபடி.

நல்ல மத்தியானம். குழி நாலடி ஆழம்.

டங்...

கல். அவர் சொன்ன மாதிரியே. பெரிய கருங்கல் பலகை. சுற்றிலும் சிமெண்ட் பூசி அடைத்திருந்தது. பழைய சிமெண்ட். ஒரு கீறல் இல்லை. வாஹித் பாஷா உளி வைத்துக் கொத்திக் கொத்தித்தான் அதை உடைத்தார்.

"தோல் ஊறவெக்கிற பழைய சுண்ணாம்புத் தொட்டி போலக்குது. மூடிடலாமா பாய்?" என்றான் மகேந்திரன்.

"தூக்கு."

மேலேயிருந்து வந்தது குரல். மகேந்திரன் நிமிர்ந்தான்.

"அப்பா...?"

"தூக்குடா!"

கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள்.

முதலில் வாடை.

பிறகு எலும்பு. சுண்ணாம்பில் வெந்து வெளுத்த மனித எலும்புக்கூடு. அதன் இரண்டு கைகளும் எதையோ கட்டிப் பிடித்திருந்தன. இறுக்கி.

கட்டம் போட்ட லுங்கி.

நரைத்த தலை.

தேவிகா குனிந்தாள்.

சுந்தரமூர்த்தி.

வாய் திறந்திருந்தது. வாய் நிறையச் சுண்ணாம்பு.

அவள் மெதுவாகத் திரும்பினாள்...

பின்னால் யாருமில்லை.

வெள்ளையாக, ஈரமாக, இரண்டு பாதத் தடம். அங்கிருந்து தடங்கள் தெருப்பக்கம் போயிருந்தன.

செத்தது வெள்ளிக்கிழமை ராத்திரி என்றார் டாக்டர். நுரையீரல் நிறையச் சுண்ணாம்புத் தண்ணீர். தொட்டிச் சுண்ணாம்போ காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. அடைத்த கல்லுக்கு அடியில் ஆள் எப்படிப் போனார் என்று வாஹித் பாஷாவைக் குடைந்து குடைந்து கேட்டது போலீஸ்.

"சிமெண்ட உடைச்சவன் நான் சார். அதுக்கு முன்னாடி ஊசி போறதுக்கு எடம் இல்ல," என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கல்லின் அடிப்பக்கம் முழுக்க நகக் கீறல்கள். எல்லாம் பழையவை.

எலும்போடு, டேனரி ஆட்களுக்குத் தரும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன் ஒன்று கிடந்தது. அந்த நம்பரை வைத்து ஆளைக் கண்டுபிடித்தார்கள். கன்னியப்பன். தொட்டி கழுவ இறங்கி மூச்சு முட்டிச் செத்த தம்பிக்காக முதலாளிமேல் கேஸ் கொடுக்கக் கிளம்பியவன். ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரவில்லை. பயந்து ஊரை விட்டு ஓடிட்டான் என்று அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னவர் மேஸ்திரி சுந்தரமூர்த்தி.

கன்னியப்பனின் மனைவி முனியம்மா பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு ஓட்டு வீட்டில் இருந்தாள். போலீஸ் சொல்லும் முன் நாமே போய்ச் சொல்லிவிடலாம் என்று தேவிகாவும் மகேந்திரனும் போனார்கள். தேவிகாதான் விஷயத்தைச் சொன்னாள்.

முனியம்மா அழவில்லை.

"தெரியும்மா. ஞாயித்துக்கெழம சாயந்தரமே வந்தாரு. வேல முடிஞ்சிச்சின்னாரு. குளிக்கத் தண்ணி கேட்டாரு."

தேவிகா வாசற்படியை விட்டு ஓர் அடி பின்னால் போனாள்.

"ஊத்துனேன். முதுகு தேச்சி விட்டேன். போய்ட்டாரு."

முந்தானைக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்தாள் முனியம்மா. இரண்டும் முழங்கைவரை சுண்ணாம்பில் வெந்து, தோல் உரிந்திருந்தன.