மூன்றாம் அறையிலிருந்து தேடியவர்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இது கறுப்பையாவுக்குப் பல்லேகலையில், பட்டப்பகலில் நடந்தது.

மரக்கறி பழுதாகாமல் வைக்கும் குளிர்க் களஞ்சியம் அது. கறுப்பையாவுக்கு அங்கே மூட்டை தூக்கும் வேலை. நாற்பது வயதுக்குமேல் எழுத்துக் கூட்டப் பழகிய மனிதர். புதிதாக வந்த மென்பொருள்தான் அறைகளின் கதவையும் குளிரையும் நடத்தியது. அதற்கு நானூறு பக்க வழிகாட்டி, கணினிக்குள்ளே. அவசரத்துக்கு ஒன்றையும் தேடி எடுக்க முடியாது. அதனால் சுதர்சினி என்ற பிள்ளை இன்டெக்ஸ் போட வந்திருந்தாள். வேலையாட்கள் வாயில் வரும் சொல்லைத் தட்டினாலே உரிய பக்கம் வரவேண்டும். அந்தச் சொற்களைச் சொல்லத்தான் கறுப்பையா அவள் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஒவ்வோர் அறைச் சுவரிலும் ஒரு திரை உண்டு. அங்கே யாராவது தேடி, பக்கம் கிடைக்காத சொல் சுதர்சினியின் கணினியில் சிவப்பாக விழும். விழுந்ததை அவள் இன்டெக்ஸில் சேர்ப்பாள்.

பின்னேரம் மூன்று பத்து. வெளியே மழை.

டிக்...

'கதவு.' மூன்றாம் அறையிலிருந்து.

"அந்த ரூம் இன்னும் வேலைக்கே வரலியேம்மா," என்றார் கறுப்பையா.

டிக்... 'உள்ளேருந்து கதவு.'

சுதர்சினி வழிகாட்டி முழுவதையும் துழாவினாள். வெளியிலிருந்து திறப்பது மட்டும்தான் இருந்தது.

"அந்தச் சொல்ல இன்டெக்ஸ்ல போட்றலாம் அண்ணே. காட்டுறதுக்குப் பக்கம் ஒண்ணு வேணுமே..."

டிக். 'குளிருது.'

டிக். 'கறுப்பையா நானா.'

அண்ணன் முறை வைத்து அவரை நானா என்று கூப்பிடுபவன் அங்கே ஒருவன்தான். சாமான் ஏற்றும் வண்டி ஓட்டுகிற பஹீம். அந்த நேரம் அவன் இரண்டு கையிலும் பிளேன்டீ கோப்பையோடு வாசலில் நின்றான்.

"ஏன்டா, இது ஒன் பகிடிதானே?"

"அல்லாஹ்வே! எனக்கென்ன மூணாவது கையா ஈக்குது?"

கறுப்பையா ஓடினார். மூன்றாம் அறையைத் திறந்தார்.

வெறும் அறை. குளிர்கூட இல்லை.

சுவரில் திரை கறுத்துக் கிடந்தது. அதற்கு வயரே இழுத்திருக்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

சுதர்சினி கணினியின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தாள்.

"இன்னொண்ணு விழுந்துச்சு அண்ணே... அத மட்டும் கேக்காதீங்க."

மறுநாள் அவள் வரவில்லை. பிறகும் வரவில்லை.

உள்ளேயிருந்து திறக்க ஒரு வழி செய்யச் சொல்லி கறுப்பையா மேனேஜரிடம் கெஞ்சினார். "பேய்க்கா சாவி கேக்குற?" என்று அந்த மனுஷன் சிரித்தார். கறுப்பையா பஹீமின் கையைப் பிடித்துச் சொன்னார்.

"மூணாம் ரூமுக்கு மட்டும் போகாதடா."

"போகமாட்டேன் நானா. சத்தியம்."

இரண்டு மாதம் போனது. மூன்றாம் அறையும் வேலைக்கு வந்தது. ஒரு பௌர்ணமி, போயா லீவு. கறுப்பையா அம்பிட்டியவில், வீட்டில் இருந்தார். கரட் லொறி திடீரென்று வந்ததாம். இறக்க பஹீமை விட்டால் வேறு ஆள் இல்லையாம். மூன்றாம் அறைக் கதவு தானாக மூடிக்கொண்டதாம்.

மறுநாள் காலையில்தான் பஹீமை வெளியே எடுத்தார்கள்.

பொலிஸ்காரருக்குத் தமிழ் வாசிக்க வராது. சுவர்த் திரையைக் காட்டி, கறுப்பையாவை வாசிக்கச் சொன்னார்.

எழுத்துக் கூட்டினார்.

அதே சொற்கள். அதே வரிசை. கடைசியில் இன்னொன்று...

'வந்து தொறந்தீங்களே நானா... ஏன் திரும்பச் சாத்துறீங்க?'